மங்கா படித்தாயிற்று, படமும் பார்க்க வேண்டுமா?

‘எ சைலன்ட் வாய்ஸ்’ மங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) 7 தொகுதியும் படித்துவிட்டேன், முடிவு தெரிந்த கதையை எதற்கு மறுபடி பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள். ஆனால் ஹெட்போன் போட்டுக்கொண்டு, ஜப்பானிய ஒலியில்.

காது கேளாத ஷோகோ ‘சுகி’, அதாவது உன்னைப் பிடிக்கும் என்கிறாள். சின்ன வயதில் அவளைக் கொடுமைப்படுத்திய ஷோயா அதை ‘ட்சுகி’, நிலா என்று எடுத்துக்கொள்கிறான். தாளில் அது வெறும் எழுத்துக் குழப்பம். 2016இல் வந்த அனிமேஷன் படத்தில் ஹயாமி சவோரியின் குரல் அந்தச் சொல்லைத் திணறித் திணறி வெளியே தள்ளும். நமக்கே ஒரு கணம் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றும். ஷோயா மேல் எனக்கிருந்த எரிச்சல் அங்கேதான் போனது.

இசையமைப்பாளர் உஷியோ கென்சுகே பியானோவுக்குள்ளேயே மைக் வைத்தார். சுத்தியல் தட்டுவதும் பெடல் முனகுவதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். காது கேளாத பெண்ணின் கதையில் இசையும் பாதி அதிர்வாகத்தான் வந்து சேர்கிறது. மங்காவால் இதைச் செய்யவே முடியாது.

அப்புறம், நண்பர்கள் சேர்ந்து படமெடுக்கும் பகுதியைத் தேடாதீர்கள், வெட்டிவிட்டார்கள். அதனால் அந்த நண்பர்களில் ஒருவனான மஷிபா கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டான். அந்த வருத்தம் எனக்கும் உண்டு.