ஆக்சிஜன் 96 இருக்கும்போது ரெம்டெசிவிர் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 58. பத்து வருடமாகச் சுகர் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். மே 13 அன்று காய்ச்சல் ஆரம்பித்தது. 15-ம் தேதி கொரோனா டெஸ்ட் எடுத்தோம், 17-ம் தேதி பாசிட்டிவ் என்று வந்தது. அன்றே சிடி ஸ்கேனும் எடுத்ததில் நுரையீரல் பாதிப்பு 25-க்கு 8 என்று போட்டிருக்கிறார்கள். ஆக்சிமீட்டரில் 96 காட்டுகிறது, சில நேரம் 95. இருமலும் அசதியும் உண்டு. தனியார் மருத்துவமனை ஒன்றில் கேட்டோம். "ஆறு ரெம்டெசிவிர் ஊசி ஏற்பாடு பண்ணிட்டு வாங்க, அட்மிட் பண்றோம்" என்கிறார்கள். தம்பி சேலத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒரு குப்பி 25,000 ரூபாய், பாதிப் பணம் முன்னால் போட வேண்டும் என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிவிடலாமா? மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த மாத்திரைகளை 15-ம் தேதி முதல் சாப்பிட்டு வருகிறார்.
– ஈரோடு மாவட்ட வாசகர், மே 20, 2021

பதில் (மே 2021 நிலவரப்படி): வாங்காதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் சொல்லும் அளவுகள் சரி என்றால் உங்கள் அப்பாவுக்கு இன்றைக்கு ரெம்டெசிவிர் தேவையே இல்லை. கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் மெடிக்கல் ஷாப் மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊசி. வைரஸை எதிர்க்கும் மருந்தான ரெம்டெசிவிர் யாருக்கு என்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரும் ஏப்ரல் 22 அன்று வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டார்கள். வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்கப்படுகிற நோயாளிக்கு, அறிகுறி தொடங்கிப் பத்து நாளுக்குள், மருத்துவமனையில் வைத்து, 'கொடுப்பதைப் பரிசீலிக்கலாம்'. அவ்வளவுதான். ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் கூடாது என்று அதே தாளில் இருக்கிறது. உங்கள் அப்பா மின்விசிறிக் காற்றிலேயே 96 வைத்திருக்கிறார்.

இது உயிர் காக்கும் ஊசி என்று எல்லோரும் சொல்கிறார்களே என்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வில் இந்த ஊசி போட்டவர்கள் 2,743 பேர்; அவர்களில் இறந்தவர்கள் 301. போடாமல் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவர்கள் 2,708 பேர், இறந்தவர்கள் 303. இரண்டு பக்கமும் நூற்றுக்குப் பதினொருவர். இந்த முடிவு 2020 அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது. நவம்பர் 20 அன்று, மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அந்த நிறுவனம் பரிந்துரையும் செய்தது. ஆறு மாதம் கழித்து நாம் இதற்காக விடிய விடிய வரிசையில் நிற்கிறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைக்கே உங்கள் அப்பா அந்த இடத்துக்கு வந்தாலும் வரலாம். அமெரிக்க அரசின் ஆதரவில் 1,062 பேரிடம் நடந்த ஆக்ட்-1 ஆய்வில், ஊசி போட்டவர்கள் பாதிப் பேர் 10 நாளுக்குள் தேறினார்கள். போடாதவர்களுக்கு அது 15 நாள் ஆனது. அதாவது, தேறுவது சீக்கிரம். மொத்தமாகப் பார்த்தால் இறப்பில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் ஒரு பிரிவு மட்டும் தனித்து நின்றது: மூக்குக் குழாயிலோ சாதாரண மாஸ்கிலோ குறைந்த அளவு ஆக்சிஜன் வாங்கிக்கொண்டிருந்த 435 பேர். இவர்களில் ஊசி போட்டவர்களில் 29 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 4. போடாதவர்களில் கிட்டத்தட்ட 13. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடமோ அதிவேக ஆக்சிஜனில் இருந்தவர்களிடமோ இந்தப் பலன் தெரியவில்லை. ஒரு ஆய்வின் ஒரு பகுதியை மட்டும் பிய்த்து எடுத்து முடிவு கட்டக்கூடாது என்பது உண்மைதான். இருந்தாலும் இந்த மருந்துக்கு இடம் இருந்தால் அது இந்தச் சின்ன ஜன்னலில்தான்: ஆக்சிஜன் ஆரம்பித்தாயிற்று, வென்டிலேட்டர் வரைக்கும் போகவில்லை, பத்து நாள் தாண்டவில்லை.

அதனால், நாளை அளவு 92-க்கு இறங்கி, அட்மிட் ஆகி, நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆக்சிஜன் வைத்து, மருத்துவர் "ரெம்டெசிவிர் போட்டுப் பார்க்கலாம்" என்று சொன்னால் மறுக்க வேண்டாம். முதல் நாள் 200 மில்லிகிராம், அடுத்த நான்கு நாள் தினம் 100. 100 மில்லிகிராம் குப்பியாக ஆறு. கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, சலைனில் கலந்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ட்ரிப்ஸாக ஏற்ற வேண்டிய மருந்து. "வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிடுகிறேன்" என்று எந்தக் கம்பவுண்டர் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்போதும் மருந்து வர ஒரு நாள் தாமதமானால் பதறாதீர்கள். அந்த நிலையில் உயிரைப் பிடித்து நிறுத்துவது ஆக்சிஜனும், சில ரூபாய் விலையுள்ள டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரினும்தான். டெக்ஸாமெத்தசோனுக்கு யாரும் பிளாக்கில் விலை வைப்பதில்லை, அதனால்தானோ என்னவோ அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

இனி அந்த வாட்ஸ்அப் ஆசாமி. ஆறு குப்பிக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். 2021 ஏப்ரல் 17 அன்று கம்பெனிகள் விலையைக் குறைத்த பிறகு, ரெம்டெசிவிர் பிராண்டுகளில் ரெம்டாக் ஒரு குப்பி 899 ரூபாய். பட்டியலில் மிக அதிகமான கோவிஃபார் 3,490. ஆறு குப்பிக்கு முறையே 5,394, 20,940. எதை வாங்கினாலும் அவர் கேட்பதில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாது. பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு நம்பரை பிளாக் செய்துவிட்டால் உங்கள் நஷ்டம் 75,000 மட்டும். அது நல்ல விதி. கெட்ட விதி, குப்பி நிஜமாகவே வந்து சேர்வது.

குஜராத்தில் குளுக்கோஸையும் உப்பையும் கலந்து ரெம்டெசிவிர் என்று விற்ற கும்பல் பிடிபட்டது. மைசூரில் மருத்துவமனைக் காலிக் குப்பிகளில் சலைனை நிரப்பி விற்றிருக்கிறார்கள். உத்தராகண்டில் ஒரு தொழிற்கூடத்தில் 'கோவிப்ரி' என்று இல்லாத ஒரு பிராண்டையே அச்சடித்தார்கள். லேபிளில் எழுத்துப் பிழை இருக்கிறதா, எந்த எழுத்து பெரிதாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லும் படங்கள் சுற்றுகின்றனவே, அவற்றை நம்பி வாங்கலாமா என்று கேட்காதீர்கள். காலிக் குப்பியை நிரப்பி விற்றால் லேபிள் அசலாகத்தான் இருக்கும். அவர் அனுப்பும் குப்பி போட்டோவும் அசலாகத்தான் இருக்கும். இன்னொருவரின் குப்பியைப் படம் எடுத்திருப்பார். கோணலாகத் திரும்ப மூடிய அலுமினிய மூடி, ஏற்கெனவே ஊசி குத்திய ரப்பர், பில் இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் அது நரம்புக்குள் போக வேண்டிய பொருள் அல்ல. ரெம்டெசிவிரைப் பதுக்கி விற்றால் குண்டர் சட்டம் பாயும் என்று முதல்வர் அறிவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஆளின் நம்பரையும் பேச்சையும் அழிக்காமல் உங்கள் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

இந்தப் புரோக்கர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. மருத்துவமனைக்குள் மட்டுமே போட வேண்டிய ஒரு மருந்தை, சீட்டு எழுதி நோயாளியின் பிள்ளை கையில் கொடுத்து, ஆதாரும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நில் என்றால், அந்த வரிசையின் ஓரத்தில் புரோக்கர் நிற்கத்தான் செய்வான். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் கூட்டம் தாங்கவில்லை என்று விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள்; கூட்டமும் கூடவே போயிற்று. வரிசையில் நின்றவர்களில் பலர் வீட்டில் தொற்று உள்ளவர்கள். நல்லவேளையாக மே 18 முதல் கவுன்டர் விற்பனையை நிறுத்திவிட்டு, தனியார் மருத்துவமனைகளே இணையதளத்தில் நோயாளி விவரத்தைப் பதிந்து மருந்தை நேரடியாகப் பெற வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். இதை முதல் நாளே செய்திருக்கலாம். எனவே இனி எந்த மருத்துவமனையாவது "நீங்களே கொண்டு வாங்க" என்றால், "நீங்கள் ஆன்லைனில் பதிந்துவிட்டீர்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஊசி கொண்டு வந்தால்தான் பெட் என்று சொல்லும் இடம், 96 இருப்பவரை எதற்கு அட்மிட் செய்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஸ்கேன் பற்றி இரண்டு வரி. 25-க்கு 8 என்பது நுரையீரலில் லேசான பாதிப்பு. அந்த எண்ணை வைத்து ஊசி எழுதக்கூடாது, மூச்சை வைத்துத்தான் எழுத வேண்டும். நாலு நாள் கழித்து 'ரிப்பீட் ஸ்கேன்' எடுக்கச் சொன்னால், ஆக்சிஜன் அளவு இறங்காதவரை வேண்டாம். கமிஷன் வாங்காமல் ஸ்கேனுக்கு அனுப்பும் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது மாத்திரை. அப்பா சாப்பிடும் அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பி வையுங்கள். அட்டையின் பின்புறம் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், மெத்தில்பிரெட்னிசலோன் என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். டெக்ஸா, வைசலோன், ஓம்னகார்டில், மெட்ரால் என்று முன்புறம் போட்டிருக்கலாம். அட்டை இல்லாமல் காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்திருந்தால் கடைக்குப் போய்ப் பெயரை எழுதி வாங்குங்கள். காய்ச்சல் சட்டென்று விட்டு, பசி எடுத்து, சுகர் மட்டும் ஏறியிருந்தால் அநேகமாக அதில் ஸ்டீராய்டு இருக்கிறது.

ஸ்டீராய்டு நல்ல மருந்து. நேரம் தப்பினால் எதிரி. பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம் கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு நூற்றுக்கு 41-லிருந்து 29-க்கு இறங்கியது. ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு 26-லிருந்து 23. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தபோது நூற்றுக்கு 18 பேர், கொடுக்காதபோது 14 பேர் இறந்தார்கள். கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பலன் இல்லை என்பது தெளிவு. முதல் வாரத்தில் உடம்பு வைரஸோடு சண்டை போடுகிறது. அப்போது ஸ்டீராய்டு கொடுப்பது நம் ஆளின் கையைக் கட்டுவது மாதிரி. சுகர்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சர்க்கரை 300, 400 என்று ஏறி, இப்போது செய்தியில் வரும் கரும்பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கன்னம் வலிப்பது, மூக்கில் கறுப்பாக வடிவது, கண் வீங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது, பல் ஆடுவது – இதில் எது வந்தாலும் அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்டீராய்டு இருப்பது தெரிந்தால் இன்றே மருத்துவர் ஒருவரிடம் பேசி நிறுத்துங்கள். ஐந்தாறு நாள் சாப்பிட்டதை நிறுத்துவதில் பெரும்பாலும் சிக்கல் வராது. வெளியே போக முடியாவிட்டால் அரசின் இணைய மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் இலவசமாகப் பேசலாம். வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் வீட்டுக் குளுக்கோமீட்டரில் சுகர் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 போதும், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம்.

நாள் கணக்கிலும் ஒரு தவறு நடக்கிறது. ரிப்போர்ட் வந்த 17-ம் தேதியிலிருந்து எண்ணி "நாலாவது நாள்" என்று நினைப்பீர்கள். எண்ண வேண்டியது காய்ச்சல் வந்த 13-லிருந்து. இன்று எட்டாம் நாள். அளவு சரிவதென்றால் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் சரியும். ஆகவே அடுத்த நான்கைந்து நாள் ஆக்சிமீட்டரை ஒழுங்காகப் பாருங்கள். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத நடு விரலில் மாட்டி, கையை நெஞ்சோடு ஒட்டி அசையாமல் வைக்க வேண்டும். முதலில் தெரியும் எண்ணை எழுதாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, எண் நிலையாக நின்ற பிறகு எழுதுங்கள். காலை, மதியம், இரவு. அதோடு, அவருக்குத் தெரியாமல் முழு ஒரு நிமிடம் மார்பு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். தெரிந்தால் மூச்சை மாற்றி விடுவார். பகலில் ஒரு தடவை வீட்டுக்குள்ளேயே, கூட ஒருவர் இருக்க, ஆறு நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே, அல்லது நடந்த பிறகு மூன்றுக்கு மேல் சரிவு, அல்லது நிமிடத்துக்கு 24 மூச்சும் அதற்கு மேலும், அல்லது பேச்சில் குழப்பம், உதட்டில் நீலம் – இதில் ஒன்று போதும், 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வையுங்கள். கழுத்துக்கு அடியில் ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து மேல் தொடை வரை ஒன்றோ இரண்டோ, கெண்டைக்காலின் முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாவிட்டால் பக்கவாட்டில் படுக்கட்டும். படுக்கை எங்கே இருக்கிறது என்று 104-ல் கேட்கும்போது வயது, சுகர், எத்தனையாவது நாள், வெளி ஆக்சிஜன் இல்லாமல் அளவு எத்தனை என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ரிப்போர்ட், ஆதார், முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டை, சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகள் எல்லாவற்றையும் இன்றே ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள்.