பூசணம் பூத்த ஜாஸ் தட்டுகள்: மலை வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்த என் பெரியப்பா காலமான பிறகு, அவர் சேர்த்துவைத்த இருநூறு சொச்சம் இசைத்தட்டுகள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஜாஸ். ஊர் திரும்பிய துரைமார்களிடம் வாங்கியவை கொஞ்சம், பெங்களூரில் தேடிப் பிடித்தவை மீதி. இரண்டு தகரப் பெட்டிகளில் இருந்தன. திறந்தால் அட்டையெல்லாம் வெள்ளைப் பூசணம், தட்டிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. கூடவே ஒரு பழைய பிளேயரும் வந்தது. சுற்றுகிறது, ஆனால் பாட்டு இழுக்கிறது. இவற்றைக் காப்பாற்ற முடியுமா, விற்றுவிடலாமா? கேட்பதென்றால் எங்கே தொடங்குவது? நேரில் கேட்க வழி உண்டா?
வாசகர், கோத்தகிரி

பதில்: காப்பாற்றலாம். பெரும்பாலான தட்டுகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒன்று, அந்தப் பிளேயரில் இப்போதைக்கு எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். பூசணத்தைக் கழுவி எடுத்துவிடலாம். தேய்ந்த ஊசி உழுத தடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. இந்த மலையில் தட்டுகள் பாழாவதைப் பார்த்தவரை, ஓதத்தால் செத்ததைவிட அவசரத்தில் ஓட்டிச் செத்ததுதான் அதிகம்.

எல்பி தட்டு வினைல் பிளாஸ்டிக். பூசணத்துக்கு அதில் தீனி கிடையாது. மேலே படிந்த தூசி, விரல்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, காகித உறை, அட்டையை ஒட்டிய பசை, இவற்றைத்தான் தின்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அது முளைத்துவிடும். உங்கள் ஊரில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் துவைத்த துணி காய ஒரு வாரம் ஆகிறது. மூடிய தகரப் பெட்டிக்குள் போன ஈரம் எந்த வழியில் வெளியே வரும்? குளிரால் தட்டுக்குக் கெடுதல் இல்லை. ஓதம்தான் எதிரி.

சுத்தம் செய்ய ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த மாதங்கள் வசதி. வராந்தாவில் உட்கார்ந்து செய்யுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பூசணத் தூள் மூச்சில் போனால் இளைப்பு உள்ளவர்களுக்கு நல்லதில்லை, வீட்டுக்குள் தட்டினால் மற்ற சாமானிலும் போய் உட்காரும்.

முதலில் ஒவ்வொரு தட்டையும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலான புள்ளியிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்பி, தடங்களைக் குறுக்கே கடந்து பரவியிருந்தால் அது பூசணம், கழுவினால் போய்விடும். தடத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடும் சாம்பல் நிறம் ஊசி தேய்த்தது, போகாது. தட்டு முழுக்கப் புகை படிந்தாற்போல மங்கி, அது மெத்தென்ற பிவிசி உறைக்குள் இருந்த தட்டாகவும் இருந்தால், உறையிலிருந்து கசிந்த ரசாயனம் தட்டில் ஏறியிருக்கிறது. அதற்கும் வைத்தியம் இல்லை. அப்படிப்பட்ட உறைகளை உடனே கழற்றி எறியுங்கள், மற்ற தட்டுகளாவது தப்பும்.

அப்புறம், கனமாக, வளையாமல், 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று எழுதிய தட்டுகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அவை அரக்கில் செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது மரத்துக்குப் பாலிஷ் போடும் ஆசாரிக்குத் தெரியும். அவர் பாலிஷே அதுதான். ஆகவே ஆல்கஹால் கலந்த எதையும் அதன்மேல் காட்டக்கூடாது. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். ஊறப்போட வேண்டாம். கை தவறினால் உடைந்துவிடும், மெத்தைமேல் வைத்துச் செய்யுங்கள்.

வினைலுக்கு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் நூறு மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு சொட்டு. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வண்டிக் கடையில் கிடைக்கும், ஆல்கஹால் மெடிக்கல் ஷாப்பில். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் கரைந்துள்ள உப்பு தடத்தில் காய்ந்து படபடவென்று சத்தம் போடும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, தடம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுவில் உள்ள லேபிளில் சொட்டு நீர் படக்கூடாது. இரண்டாவது துணியால் வெறும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஒருமுறை துடைத்து, சமையலறையில் சாப்பாட்டுத் தட்டு கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. ஒரு நாளைக்குப் பத்துத் தட்டு போதும், அதற்குமேல் கை சலித்துத் தப்பு செய்யும்.

அட்டைக்கு ஈரத்துணியே கூடாது. காற்றாடும் நிழலில் நன்றாக உலர்த்தி, மென்மையான பெயின்ட் பிரஷால் வெளிப்பக்கமாகத் தள்ளிவிடுங்கள். கறை தங்கும், தங்கட்டும். பழைய உள்ளுறைக் காகிதத்தைத் தட்டோடு திருப்பி வைக்காதீர்கள். புதிய பாலிஎத்திலீன் உள்ளுறை வாங்கிப் போடுங்கள், அச்சடித்த உறையாக இருந்தால் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

தகரப் பெட்டியை மறந்துவிடுங்கள். தட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும், படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பவை வளையும். இருநூறு தட்டு ஏறத்தாழ ஐம்பது கிலோ வரும், அலமாரிப் பலகை அதைத் தாங்குமா பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் காக்கும். கணப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். மலை வீடுகளில் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடும் பழக்கம் உண்டே, அது உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் எல்இடி பல்புக்கு அந்தச் சூடு கிடையாது, குண்டு பல்பு அட்டைக்கு அருகில் இருந்தால் தீப்பிடிக்கும். அதைவிட ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்து, 60-ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். நாப்தலீன் உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

இனி பிளேயர். பாட்டு இழுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும், அல்லது அச்சில் போட்ட கிரீஸ் குளிரில் இறுகியிருக்கும். வேகத்தைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. தட்டின் விளிம்பில் துண்டுக் காகிதம் ஒட்டி, ஊசியைக் கீழே இறக்காமல் சுற்றவிட்டு எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பதால் மூன்று நிமிடத்தில் சரியாக நூறு வர வேண்டும். தொண்ணூற்றாறு வந்தால் பெல்ட்டை மாற்றுங்கள். ஒருவேளை அது அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினாக இருந்தால் கதையே வேறு. கொடைக்கானல் மிஷனரி வீடுகளிலிருந்து கைமாறியவை சில இப்படி வரும். அங்கே 60 ஹெர்ட்ஸ் மின்சாரம், இங்கே 50. அந்த மாதிரி மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது, ஆகவே பாட்டு ஆர்மோனியத்தில் மூன்று சாவி கீழே இறங்கித்தான் ஒலிக்கும்.

பெல்ட்டைவிட முக்கியம் ஊசி. எத்தனை வருடம் ஓடியது என்று தெரியாத ஊசியைக் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். வைர ஊசிக்கே ஆயுள் ஐந்நூறு முதல் ஆயிரம் மணி நேரம்தான். 78 தட்டின் தடம் அகலம், அதற்கு 75 மைக்ரான் முனை வேண்டும். ஸ்டீரியோ எல்பிக்கு 18 மைக்ரான் அளவில். ஒன்றுக்கு வாங்கியது மற்றதுக்கு ஆகாது. புதிய பிளேயரே வாங்குவதென்றால், சூட்கேஸ் வடிவில் மலிவாக வருகிறதே, அதைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றின் ஊசி நான்கைந்து கிராம் எடையில் அழுத்துகிறது, நல்ல கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்தும் தலைப்பகுதி) இரண்டு கிராம் போதும். ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சத்தம் மெலிந்து, தாழ்ந்த சுரங்களே கேட்காது. டிசம்பர் காலையில் வீடு எட்டு டிகிரியில் இருக்கும்போது ஓட்டாதீர்கள். ஊசியைத் தாங்கும் ரப்பர் விறைத்து, சத்தம் கரகரக்கும். அறை கொஞ்சம் சூடாகட்டும்.

விற்பது பற்றி. அவசரப்பட வேண்டாம், மொத்தமாகக் கிலோக் கணக்கில் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடையிலுள்ள வெறும் வளையத்தில் எண்ணும் எழுத்தும் பொறித்திருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அச்சு என்பதை அதுதான் சொல்லும். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆலையில் அச்சான இந்தியத் தட்டுகளைவிட, அமெரிக்காவிலிருந்து வந்த முதல் அச்சுக்குத்தான் சேகரிப்பவர்கள் அதிகம் கொடுப்பார்கள். புளூ நோட் கம்பெனித் தட்டில் அந்த வளையத்தில் ஆர்விஜி அல்லது வான் கெல்டர் என்ற முத்திரை இருந்தால், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரே வெட்டிய மூலத்திலிருந்து வந்தது என்று பொருள். அதைத் தனியே வையுங்கள்.

ஆனால் கேட்காமல் விற்காதீர்கள் என்பேன். ஜாஸ் நம் காதுக்கு அவ்வளவு அந்நியமில்லை. கச்சேரியில் கிருதியைப் பாடிவிட்டு, கல்பனாஸ்வரத்தைப் பாடகரும் வயலினும் மாற்றி மாற்றி வாசித்து, பல்லவிக்குத் திரும்புவது போலத்தான்: முதலில் மெட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கற்பனை, கடைசியில் மறுபடி மெட்டு. கற்பனையின்போது மெட்டு மறைந்தாலும் அதன் ஸ்வரக்கட்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள், அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்துத் தருவது பெரும்பாலும் டபுள் பாஸ், ஆளுயர வயலின் போன்ற தாழ்சுர வாத்தியம். தொலைந்துபோனால் பாஸைப் பின்தொடருங்கள்.

பெட்டியில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' நிச்சயம் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். 1959 மார்ச், ஏப்ரலில் இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவானது. சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், பியானோவில் பில் எவன்ஸ் எல்லாரும் அதில் உண்டு. மெதுவாக நடக்கும் தட்டு, தொடங்க ஏற்றது. அதில் ஒரு வேடிக்கை: முதல் நாள் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், பழைய அச்சுகளில் முதல் பக்கம் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். 1992 மறுபதிப்பில்தான் சரிசெய்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் சுருதி வித்தியாசம் தெரிந்தால் உங்கள் புது பெல்ட்டைத் திட்டாதீர்கள். அடுத்து பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்', அதே வருடம். அதில் 'டேக் ஃபைவ்' ஐந்தடி. கண்ட சாபு போட்டுப் பழகிய கை தானாகத் தட்டத் தொடங்கும், ஆனால் நாம் இரண்டு-மூன்று என்று பிரிப்பதை அவர்கள் மூன்று-இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் நிமிடம் கை தடுமாறும். புரூபெக் 1958-ல் இந்தியா வந்து, சென்னையிலும் வாசித்தவர்.

கிளப் எப்படியிருக்கும் என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள, பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25 ஞாயிறன்று வாசித்ததைத் தேடுங்கள். இடம் நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட், 1935 முதல் நடக்கும் நிலவறை கிளப். கண்ணாடிக் கோப்பை இடிபடுவதும், யாரோ சிரிப்பதும், பியானோ இறங்கும்போது பேச்சு எழும்புவதும் தட்டிலேயே கேட்கும். பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினொரு நாள் கழித்து கார் விபத்தில் இறந்தார். வயது 25. அவர் பாஸைத் தாளத்துக்குத் துணையாக வைக்காமல் பியானோவோடு சரிக்குச் சரி பேசவைத்தார். முன்பு சொன்னேனே பாஸைப் பின்தொடருங்கள் என்று, இந்தத் தட்டில் அது உங்களைச் சுற்றவிடும். ஆகவே இதை மூன்றாவதாகக் கேளுங்கள்.

நேரில் கேட்க, மலையில் வாரந்தோறும் போய் உட்காரும்படி ஓர் இடத்தை எதிர்பார்க்க வேண்டாம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் உள்ள விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ் ஜாஸுக்குப் பேர்போனது. கேட்பதற்கென்றே அமைத்த அரங்கு. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து, மேடைக்குப் பக்கவாட்டில் டிரம்ஸ் வாசிப்பவரின் கை தெரியும் இடத்தில் உட்காருங்கள். ஒருவர் தன் பங்கை முடித்ததும் நடுவிலேயே கைதட்டலாம், அங்கே அதுதான் மரியாதை. பாஸ் தனியே வாசிக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள், அதன் சத்தம் சிறியது. நிகழ்ச்சி முடிந்து அன்றிரவே திரும்பலாம் என்று நினைக்காதீர்கள்: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், திம்பம் வழியிலும் இரவுத் தடை உண்டு. பெங்களூரில் ஒரு இரவு தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.