ஒரே சாயங்காலத்தில் கொட்டும் மழை: மஞ்சளை எப்படிக் காப்பது?

கேள்வி: ஐயா, கோபி பக்கம் ஒன்றரை ஏக்கராவில் மஞ்சள் போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஐப்பசியில் நாலைந்து நாள் அடைமழை பிடிக்கும். இப்போது ஒரே சாயங்காலத்தில் கொட்டிவிட்டு, அப்புறம் இருபது நாள் வெயில். தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகுகிறது. மழையே மாறிவிட்டதா?

பதில்: நீங்கள் கவனித்ததைத் தள்ளிவிட முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். அந்த நீராவி மேகத்துக்குள் துளியாகும்போது வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் இடிமேகத்தை இன்னும் மேலே தூக்குகிறது. அதனால்தான் பெய்தால் கொட்டுகிறது. மத்திய இந்தியாவில் 1950 முதல் 2015 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, பரவலாகப் பெய்யும் மிகக் கனமழை மூன்று மடங்கு கூடியிருந்தது. ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருந்துகொண்டு வடகிழக்குப் பருவமழையை நம்பும் நம் கொங்கு நாட்டுக்கு அந்த மூன்று மடங்கை அப்படியே பொருத்தக்கூடாது. நீராவிக் கணக்கு மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

ஆகவே வருஷ மழையைப் பார்த்து வடிகால் போடாதீர்கள், ஒரு சாயங்கால மழையைப் பார்த்துப் போடுங்கள். ஒரு ஏக்கராவில் 1 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர். 100 மி.மீ. கொட்டினால் உங்கள் தோட்டத்தில் 6 லட்சம் லிட்டர் விழும். ஒரு சாண் வாய்க்கால் இதற்குக் காணாது. தாழ்ந்த மூலையிலிருந்து முழங்கால் ஆழத்துக்கு வடிகால் வெட்டுங்கள். தண்ணீர் பக்கத்துத் தோட்டம் வழியாகப் போக வேண்டுமென்றால் இப்போதே பேசிவிடுங்கள், மழையன்று பேசினால் வம்புதான். இடமிருந்தால் வடிகாலைப் பண்ணைக்குட்டையில் கொண்டுபோய் விடுங்கள். அந்த இருபது நாள் வெயிலுக்கு அதே தண்ணீர் உதவும்.

அடித்தண்டு நீர்கோத்து, இழுத்தால் கையோடு வரும் தூர்களைக் கிழங்கோடு தோண்டி வெளியே கொண்டுபோய் அழியுங்கள். அந்தக் குழியிலும் சுற்றியுள்ள தூர்களிலும், லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து ஊற்றுங்கள். தண்ணீரை வடிக்காமல் மருந்து ஊற்றினால் காசுதான் போகும். அழுகலைத் தடுக்க மண்ணில் இடும் டிரைக்கோடெர்மாவை இதோடு சேர்க்காதீர்கள், அது நல்லது செய்தாலும் பூஞ்சைதான், செத்துப்போகும்.

அடுத்த வைகாசியில் அழுகல் கண்ட இடத்தில் மஞ்சள் வேண்டாம், மாற்றுப்பயிர் வையுங்கள். வேறு நிலத்தில் மஞ்சள் நட்டால் மேட்டுப்பாத்தி கட்டிச் சொட்டுநீர் போடுங்கள். விதைக்கிழங்கை மட்டும் இந்தத் தோட்டத்திலிருந்து எடுக்காதீர்கள்.