புவனேஸ்வருக்கு அரை நாள் போதுமா? – கடிதம்

வணக்கம் சார்,

டிசம்பரில் அப்பா அம்மாவுடன் பூரிக்குப் போகிறோம். டிராவல்ஸ்காரர் புவனேஸ்வருக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருக்கிறார். காலையில் லிங்கராஜர் கோயில், அப்புறம் தௌலி, சாயங்காலம் கோனார்க். கலிங்கம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அசோகரும் பரணியும்தான். போய்வந்த நண்பர் ஒருவர், "எல்லாக் கோயிலும் ஒரே மாதிரி. தௌலியில் ஒரு பாறை, எழுத்தும் புரியாது" என்கிறார். முழு நாள் கேட்டு வாங்கலாமா, அல்லது அரை நாளே போதுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு.

– ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

முழு நாளாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் நண்பர் பெரியதை முதலில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். லிங்கராஜரைப் பார்த்த கண்ணுக்கு மற்றதெல்லாம் அதன் சிறிய நகலாகத்தான் தெரியும். இந்த ஊரைக் கால வரிசையில் பார்க்க வேண்டும்.

முதலில் தௌலி. ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். வண்டிகள் நேராகக் குன்றின் மேலே இருக்கும் வெள்ளை ஸ்தூபிக்குப் போய்விடும். அது 1970களில் ஜப்பானிய பௌத்தர்கள் கட்டியது. நீங்கள் கீழேயே இறங்கிக்கொள்ளுங்கள். பாறையிலிருந்து ஒரு யானையின் முன்பாதி வெளியே வருவதுபோலச் செதுக்கியிருப்பார்கள். அதன் கீழே அசோகரின் கல்வெட்டு. ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று அவர் சொல்வதைப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு, அது இங்கேதான் இருக்கும் என்று நினைத்து எல்லோரும் போகிறோம். இங்கே அது இல்லை. அசோகர் பல ஊர்ப் பாறைகளில் வெட்டவைத்த பதினான்கு சாசனங்களில் அது 13ஆவது. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஷாபாஸ்கர்ஹி பாறையில் இருக்கிறது, ஆந்திராவின் எர்ரகுடியில் இருக்கிறது. போர் நடந்த கலிங்கத்தில் மட்டும் 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு, வேறு இரண்டு சாசனங்களை வெட்டியிருக்கிறார்கள். அன்றைய கலிங்கத்தின் தலைநகரான தோசாலியில் இருந்த அதிகாரிகளுக்கான உத்தரவு அது. மனிதர் எல்லோரும் என் பிள்ளைகள், காரணமில்லாமல் யாரையும் சிறையில் போடாதீர்கள், வதைக்காதீர்கள், பூச நட்சத்திரம் வரும் நாளில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள் என்கிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடமே போய் செத்தவர் கணக்கைப் படிக்க முடியாது என்று நினைத்திருக்கலாம். தோற்ற ஜனங்களுக்குப் பழசை நினைவூட்ட வேண்டாம் என்ற ராஜதந்திரமாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. சோழர், பாண்டியர் நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் ஏற்பாடு செய்ததாகச் சொல்லும் இரண்டாம் சாசனமும் இந்தப் பாறையில்தான் வருகிறது.

அடுத்து உதயகிரி, குகைகள் குடைந்த குன்று (கும்பா என்றால் குகை). அப்பாவைக் கீழே ராணி கும்பா முற்றத்தில் உட்கார வைத்துவிடலாம். இரண்டு அடுக்குக் குகை, சிற்ப வரிசைகளைப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் மேலே ஹாத்தி கும்பாவுக்குப் போங்கள். குகையின் நெற்றியில் 17 வரிகளில், கலிங்க மன்னன் காரவேலன் தன் ஆட்சியை ஆண்டு வாரியாக எழுதி வைத்திருக்கிறான். அசோகருக்குப் பிறகு கலிங்கம் மறுபடி எழுந்த காலம். முதல் ஆண்டில் செய்த வேலை, புயலில் இடிந்த நகர வாயில்களையும் மதிலையும் பழுது பார்த்தது. 2019இல் ஃபானி புயல் இந்த ஊரைப் புரட்டிப்போட்டதை நினைத்துக்கொண்டால், இந்த வரி ஏதோ பழங்காலத்துச் சங்கதியாகத் தோன்றாது. பதினோராம் ஆண்டில் தமிழ் நாடுகளின் கூட்டணி ஒன்றை உடைத்ததாகச் சொல்கிறான். அந்தக் கூட்டணி 113 ஆண்டுப் பழையது என்று படிப்பவர்களும் உண்டு, 1300 என்று படிப்பவர்களும் உண்டு. எழுத்து அவ்வளவு தேய்ந்திருக்கிறது.

மதியச் சாப்பாடு பிந்துசாகர் குளத்தங்கரையில் அனந்த வாசுதேவர் கோயிலில். 13ஆம் நூற்றாண்டில் கங்க இளவரசி சந்திரிகா கட்டிய பெருமாள் கோயில், சைவ ஊரின் நடுவில். மண்பானையில் சமைத்த பிரசாதம், வெங்காயம் பூண்டு கிடையாது. அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். தால்மா கேட்டு வாங்குங்கள், நம் கூட்டுக்கு அண்ணன் முறை.

பிற்பகலில் கோயில்கள். 7ஆம் நூற்றாண்டுப் பரசுராமேஸ்வரர் முதலில். குட்டையான சிகரம், முன்மண்டபத்துக்குச் சாய்வான தட்டைக்கூரை, ஜன்னல் சல்லடையிலேயே ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும். நடக்கும் தூரத்தில் 10ஆம் நூற்றாண்டு முக்தேஸ்வரர், அந்தத் தோரண வாயிலுக்காகவே போகலாம். சிறிய கோயில்தான், ஆனால் ஊரிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ராஜாராணி கோயிலில் கருவறையில் சாமி இல்லை, டிக்கெட் உண்டு, மூலைகளில் இருக்கும் திக்பாலகர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் முடித்து லிங்கராஜருக்கு வாருங்கள். கோபுரத்தைத் தேடாதீர்கள். தஞ்சாவூர் போல இங்கேயும் உயரமெல்லாம் கருவறைக்கு மேலேதான். இரண்டும் 11ஆம் நூற்றாண்டு, உயரமும் ஏறத்தாழ பக்கத்தில் வரும். தஞ்சை அடுக்கடுக்காக ஏறுகிறது, இது ஒரே வளைவாக எழும்பி உச்சியில்தான் உள்ளே மடங்குகிறது. பரசுராமேஸ்வரரில் பார்த்த குட்டைச் சிகரம் நானூறு ஆண்டில் எங்கே வந்து நிற்கிறது என்று அப்போது தெரியும். போனை வெளியில் வைத்துவிட வேண்டும். இந்து அல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை (எனக்கு இதில் உடன்பாடில்லை). கர்சன் பிரபு பார்ப்பதற்காக மதிலுக்கு வெளியே ஒரு மேடை கட்டினார்கள், இன்னும் இருக்கிறது. தரிசனம் முடிந்ததும் அதில் ஏறிப் பாருங்கள். உள்ளே கூட்டத்தில் தெரியாத முழு அமைப்பும் அங்கிருந்துதான் தெரியும்.

பரணி பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் தோற்றோடும் கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன், சோழ இளவரசி ராஜசுந்தரியின் மகன். நீங்கள் போகிற பூரி ஜெகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியவரும் அவர்தான். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கோனார்க்கை இந்த நாளில் திணிக்க வேண்டாம். பூரியிலிருந்து 35 கிலோமீட்டர்தான், மறுநாள் காலையில் போய்வரலாம். டிராவல்ஸ்காரர் கூடுதலாக ஒரு நாள் வாடகை கேட்பார், கொஞ்சம் பேரம் பேசுங்கள்.

அன்புடன்.