ஒரு மாதிரியிலிருந்து ஸ்கீமா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வாடிக்கையாளர் பதிவு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அதற்கான ஜேசன் ஸ்கீமாவை (பதிவில் எந்தெந்த ஃபீல்டுகள், எந்த வகையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்பை) தானாகவே உருவாக்கித் தரும் ஃபங்ஷன் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். ஃபார்-இன் லூப்பில் ஒவ்வொரு ஃபீல்டாக இறங்கி, மதிப்பின் வகையைக் கேட்டறியும் டைப்ஆஃப் சொல்லும் விடையைக் குறித்துக்கொள்கிறது. எல்லா ஃபீல்டுகளையும் ‘ரிக்கொயர்டு’ (கட்டாயம்) பட்டியலில் சேர்க்கிறது. உண்மைத் தரவு வந்ததும் சரியான பதிவுகளையே பிழையென்று தள்ளுகிறது. இந்த வழியே தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வழி தவறல்ல. நூறு ஃபீல்டுகளைக் கையால் தட்டச்சு செய்யும்போது நேரும் பிழைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மாதிரிக்குத் தெரிந்தது, அந்த ஒரு பதிவில் என்ன இருந்தது என்பது மட்டுமே. இனி வரும் பதிவுகளில் எது இருக்கலாம், எது இருந்தே தீர வேண்டும் என்பதை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

முதலில் டைப்ஆஃபைக் கவனியுங்கள். ‘நல்’ (வெறுமை) மதிப்புக்கும் அரேக்கும் (வரிசைப் பட்டியலுக்கும்) அது ‘ஆப்ஜெக்ட்’ என்றே விடை தரும். ‘நல்’லுக்கு அப்படிச் சொல்வது 1995-இல் மொழி பிறந்தபோதே நேர்ந்த பிழை, திருத்தினால் பழைய நிரல்கள் உடையும் என்பதால் அப்படியே விடப்பட்டது. உங்கள் மாதிரியில் இரண்டாம் முகவரி ‘நல்’லாக இருந்தால், ஃபார்-இன் லூப் அதன்மேல் எந்தப் பிழையும் காட்டாமல் கடந்துபோகும், ஸ்கீமாவில் ‘ஆப்ஜெக்ட்’ என்று பதிவாகும், அடுத்த வாடிக்கையாளர் அங்கே முகவரியை எழுத்துச்சரமாகத் தந்தால் அவர் பதிவு நிராகரிக்கப்படும். அரே என்றால் இன்னும் மோசம்: 0, 1, 2 என்ற இன்டெக்ஸ்களே ஃபீல்டு பெயர்களாகிவிடும். ஆகவே ‘நல்’லையும், அரே.ஈஸ்அரே கொண்டு அரேயையும் டைப்ஆஃபுக்கு முன்பே பிரித்துவிடுங்கள்.

எண்களை ‘நம்பர்’ என்பதோடு விட்டது நல்லது. மாதிரியில் விலை 250 என்றிருப்பதைப் பார்த்து ‘இன்டிஜர்’ (முழு எண்) என்று இறுக்கியிருந்தால், 249.50 வந்த அன்றே உடைந்திருக்கும்.

உங்கள் சிக்கலின் வேர், என் கணிப்பில், ‘ரிக்கொயர்டு’ பட்டியல்தான். உண்மைப் பதிவுகளில் ஒரு இருநூறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்கீமா உருவாக்கி, பிறகு ஒன்றாக்குங்கள். ஒரே ஃபீல்டில் இரண்டு வகைகள் தென்பட்டால் இரண்டையும் அனுமதியுங்கள். ஜேசன் ஸ்கீமாவில் ‘டைப்’ என்பது பட்டியலாகவும் இருக்கலாம். எல்லாப் பதிவுகளிலும் தவறாமல் இருந்த ஃபீல்டுகள் மட்டுமே ‘ரிக்கொயர்டு’ ஆகட்டும். உறுப்பே இல்லாத காலி அரே கிடைத்தால் உறுப்புகளின் வகையை ஊகிக்காமல், வேறொரு பதிவு சொல்லும்வரை திறந்தே வையுங்கள். ‘2024-03-01’ போன்ற தேதிகளே ஃபீல்டு பெயர்களாக வரும் வருகைப்பதிவு போன்ற இடங்களில், ஃபீல்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடாமல், பட்டியலில் இல்லாத ஃபீல்டுகளுக்கான ‘அடிஷனல்ப்ராப்பர்ட்டீஸ்’ மூலம் மதிப்பின் வகையை மட்டும் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்த பின்னும், இருநூறு பதிவுகளிலும் மின்னஞ்சல் இருந்ததென்பதால் அது கட்டாயம் என்றாகிவிடாது. அதை அந்தத் தரவைத் தருபவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் சொன்னதை ஸ்கீமாவில் கையால் திருத்தி, அந்தக் கோப்பை நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) வையுங்கள். ஃபங்ஷனை மறுபடி ஓட்டி அதன்மேல் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்.