உள்ள இருக்கறது பாசியா, கண்ணாடியா?

கேள்வி: அண்ணா, நாங்க கொடைக்கானல்ல பெருமாள்மலை பக்கம் இருக்கோம். ஏரி ரோட்டுல ஒரு கடைல, உள்ள பச்சையா பாசி படர்ந்த மாதிரி ஒரு கல் டாலர் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த மலைச் சோலைல இருந்த பாசி கல்லுக்குள்ள மாட்டி உறைஞ்சது, இங்கேயே எடுத்ததுன்னு கடைக்காரர் சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் வெறும் கண்ணாடிங்கறாரு. பணத்தத் திருப்பிக் கேக்கலாமா?

பதில்: தங்கச்சி, நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அது மாஸ் அகேட்ங்கற, பாசி படர்ந்த மாதிரித் தெரியற இயற்கைக் கல்லா இருக்கலாம், இல்ல கண்ணாடியான்னு வீட்டுலயே பாத்துரலாம். பத்து மடங்கு லென்ஸ்ல பாருங்க, உள்ள உருண்டை உருண்டையா காத்துக் குமிழி தெரிஞ்சா கண்ணாடி. அகேட்டோட கடினம் மோஸ் அளவுல (1லருந்து 10 வரைக்கும் போற அளவு) 6.5லருந்து 7 வரைக்கும், சாதா கத்தி முனையால பின்பக்கம் ஓரத்துல லேசா இழுத்தா கீறல் விழாது, முன்பக்கம் மட்டும் கை வச்சிராதீங்க.

ஆனா அகேட்டே ஆனாலும் உள்ள இருக்கறது பாசி இல்ல. குளோரைட், ஹார்ன்பிளெண்ட் மாதிரி பச்சைத் தாதுங்கதான் சிலிக்காவுக்குள்ள (கல்லோட மூலப்பொருள்) கிளை விட்டு அப்படித் தெரியுது, பழுப்பா இருந்தா இரும்பு, கறுப்பா மரம் மாதிரி இருந்தா மாங்கனீசு. அகேட்னாலே கோடு கோடா இருக்கணும், இதுல கோடு கிடையாது, அதனால இத அகேட்னு ஒத்துக்காம சால்செடனின்னே (அகேட்டும் சேர்ந்த சிலிக்கா கல் வகையோட பொதுப்பேரு) சொல்றவங்களும் உண்டு.

இந்த மலையில எடுத்ததுங்கறதத்தான் என்னால விட முடியல. கொடைக்கானல் இருக்கற பழனி மலை, நீலகிரி ரெண்டும் சார்னோகைட் பாறை, அதாவது பூமிக்கடில ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் உண்டானது, எரிமலைக் குழம்புப் பாறை இல்ல. அகேட் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு ஆறும்போது விழுந்த பொந்துல சிலிக்கா நிறைஞ்சு உண்டாகறது, அந்த மாதிரிப் பாறை தக்காணப் பக்கம் இருக்கு, குஜராத்துல ரத்தன்பூர்ல தோண்டி காம்பத்ங்கற ஊர்ல பட்டை தீட்டி ஊர் ஊரா அனுப்பறாங்க. அருமையான கைவேலை அது, அந்த ஊர் பேரச் சொல்லியே விக்கலாமே, எதுக்கு சோலைக்காட்ட இழுக்கணும்? மாஸ் அகேட் ஒண்ணும் கிடைக்காத கல்லும் இல்ல, 1,800 ரூபாய்ல கல்லச் சுத்தி வெள்ளிக் கட்டும் சேர்ந்திருந்தா பரவால்ல, பின்னாடி 925 முத்திரை (92.5 சதவீதம் வெள்ளிங்கற அடையாளம்) இருக்கான்னு பாருங்க, வெறும் முலாம்னா விலை ரொம்ப ஜாஸ்தி.

பக்கத்துலயே பளிச்னு பிங்க், ஊதா கலர்ல அகேட்ட ஸ்லைஸ் ஸ்லைஸா வச்சிருப்பாங்க, அதெல்லாம் பெரும்பாலும் சாயம் ஏத்தினது.

பணம் கேக்கலாம், தாராளமா. பில்லோட போங்க, பில்லுல வெறும் ஸ்டோன் டாலர்னு போட்டிருந்தா கல்லு பேரு, எங்க எடுத்ததுங்கறத எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன், பணமும் தர மாட்டேன்னா 1915க்கு போன் போட்டு புகார் குடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண்.