கமால் பாட்சாவும் அரசுச் சம்பளம் வாங்கும் இமாமும்

அன்புள்ள ஐயா,

துருக்கி அதிபர் எர்டோகன் பற்றிய கட்டுரையில், அந்தக் குடியரசை நிறுவிய அதாதுர்க்கை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நம்மூர் சுயமரியாதைக்காரர்கள் கொண்டாடிய கமால் பாட்சா அவர். உலக முஸ்லிம்களின் தலைவர் என்ற கலீபா பதவியை ஒழித்தார், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தார், மதத்தையும் அரசையும் பிரித்தார். அவர் கட்டியதைத்தான் எர்டோகன் இடிக்கிறார். இதை நேராக எழுத என்ன தயக்கம்?

க.

அன்புள்ள க.,

தயக்கமெல்லாம் இல்லை. நீங்கள் சொன்னதில் முதல் இரண்டும் சரி. பெண்கள் விஷயத்தில் நான் அவருக்குக் கூடுதலாகவே மதிப்பெண் போடுவேன், 1934இல் துருக்கிப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வந்துவிட்டது, பிரான்ஸில் அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆனது. மூன்றாவதில்தான் எனக்குச் சண்டை.

1924 மார்ச் 3, கலீபா பதவி ஒழிந்த நாள். அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது, அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மத விவகாரங்களுக்கென்று ஓர் அரசுத் துறை, பெயர் தியானெத். இன்றைக்கும் துருக்கியில் இமாம் என்பவர் மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் படிக்கிற குத்பா பிரசங்கம் அந்தத் துறையிலிருந்து வருகிறது. சுன்னி வழியில் சேராத சிறுபான்மையினரான அலெவி மக்கள் கட்டும் வரியும் சேர்ந்துதான் சுன்னி இமாமுக்குச் சம்பளமாகப் போகிறது. இதற்குப் பெயர் பிரிப்பதா? மதத்தைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கின் கதையைப் பாருங்கள். 1932இல் பாங்கைத் துருக்கி மொழியில்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். ‘அல்லாஹு அக்பர்’ போய் அதே பொருளில் ‘தன்ரி உலுதுர்’ வந்தது. அதாதுர்க் இறந்தது 1938இல், ஆனால் அவருடைய கட்சிக்காரர்கள் 1941இல் அரபியில் பாங்கு சொல்வதைத் தண்டனைச் சட்டத்திலேயே குற்றமாக்கினார்கள். மதமே வேண்டாம் என்கிற அரசு பாங்கை நிறுத்தியிருக்கும், மதம் என் வேலையில்லை என்கிற அரசு அது எந்த மொழியில் கேட்டால் என்ன என்று விட்டிருக்கும். பள்ளிவாசல் மினாராவில் நிற்பவர் வாயில் என்ன சொல் வரவேண்டும் என்று தலைநகர் அங்காராவில் உட்கார்ந்து முடிவு செய்கிற அரசை என்னவென்று சொல்வது! 1950 ஜூனில், ரமலானுக்கு ஒரு நாள் முன்னால், புதிதாக வந்த பிரதமர் மெந்தெரெஸின் அரசு அந்தத் தடையை நீக்கியபோது அதாதுர்க்கின் கட்சியே எதிர்க்கவில்லை. ஓட்டு பயம்தான், வேறென்ன.

அப்புறம் 1980இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதாதுர்க் பெயரைச் சொல்லாமல் வாய் திறக்காத தளபதிகள். பல்கலைக்கழகத்தில் தலைமுக்காடு கூடாது என்றவர்களும் அவர்கள்தான், 1982 அரசியல் சட்டத்தில் பள்ளிக்கூடத்தில் மத வகுப்பைக் கட்டாயமாக்கியவர்களும் அவர்கள்தான். உங்கள் கணக்கில் இது முரண்பாடு. என் கணக்கில் இல்லை, இரண்டிலும் உத்தரவு போடுவது அரசுதானே.

சரி, எர்டோகன் இடித்தாரா? நீதிமன்றம், பத்திரிகை, பல்கலைக்கழகம் என்றால் ஆமாம், அதில் உங்களோடு எனக்குத் தகராறு கிடையாது. ஆனால் தியானெத்தில் அவர் ஒரு செங்கல்லைக்கூட உருவவில்லை. பெரிதாக்கினார், நிறையப் பணம் கொடுத்தார். 2016 ஜூலை 15 ராத்திரி ராணுவத்தில் ஒரு பகுதி கலகம் செய்து டாங்கிகள் இஸ்தான்புல் பாலத்தை மறித்தபோது தியானெத்திலிருந்து இமாம்களுக்குச் செய்தி போனது. மரணச் செய்தி சொல்லும்போது ஓதுகிற அந்த ஸலவாத்து அகால நேரத்தில் நாடு முழுக்க மினாராக்களிலிருந்து ஒலித்தது, கூடவே தெருவுக்கு வாருங்கள் என்ற அழைப்பும். ஜனங்கள் இறங்கி வந்தார்கள். அன்றைக்கு ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த ஒவ்வொரு கையும் 1924இல் உருவான துறையிடம் சம்பளம் வாங்குகிற கை.